அந்தக் கல்லுகளை அத்திவாரத்துக்குள் போடாதேங்கோ

மாவீரர் துயிலுமில்லத்தில், அதுதான் புலிகள் இயக்கப் போராளிகளை அடக்கம் செய்த இடத்தில், கோபுரம் கட்டப் புது வரைபடம் வந்த நேரத்திலிருந்து எல்லாரும் கோபுரத்தின் உயரத்தைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கிற வரி ஒருத்தருக்கும் கண்ணில் படவில்லையா? உடைந்த கற்கள் அத்திவார நிரப்புக்கு எடுக்கப்படுமாம். சல்லிக்குப் பதிலாக.

அவை சல்லி இல்லை. இராணுவம் டோசர் போட்டுக் கிளறி எறிந்த கல்லறைகளும் நினைவுக்கல்லுகளும். உடல் விதைத்த இடத்தில் கல்லறை, உடல் வந்து சேராத பிள்ளைக்கு நினைவுக்கல். இயக்கப் பெயர், சொந்தப் பெயர், ஊர், வீரச்சாவு நாள் எல்லாம் அதில்தான் இருந்தன. 2016இல் சனம் பற்றை வெட்டித் துப்புரவாக்கி, கிடைத்த துண்டுகளைக் கையால் பொறுக்கிக் குவித்தது. ஒரு துண்டில் “தினி” என்று மட்டும் இருக்கு. இன்னொன்றில் “வட்டக்க” வரைக்கும் ஊர்ப்பெயர். மிச்சம் அதே குவியலுக்குள்தான் கிடக்கும். கொங்கிறீற் ஊற்றிவிட்டால் பிறகு எதைத் தேடுவது?

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. அசைக்க முதல் ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து இலக்கம் போடுங்கோ. உப்பில்லாத தண்ணீரும் மெத்தென்ற தூரிகையும் காணும். அசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம், பாசியோடு எழுத்தும் சேர்ந்து போய்விடும். எழுத்துள்ளதைத் தனியாக்கி, உடைந்த விளிம்புகளைப் பொருத்திப் பாருங்கோ. பிறகு மணல் படுக்கையில், தண்ணீர் வடிய வாட்டம் வைத்து, நிலமட்டத்திலேயே பரவுங்கோ. சீமெந்தில் பதிக்காதேங்கோ. நாளைக்கு இன்னொரு துண்டு பொருந்தினால் கழற்றி எடுக்க வேண்டும்.

“ஆமிக்காரன் அவ்வளவு பெரிதாக வெற்றித்தூபி கட்டியிருக்கிறான், நாங்கள் மட்டும் நிலத்திலா?” என்று கேட்பீர்கள். ஓம், கிளிநொச்சியில் ஏ9 கரையில் கொங்கிறீற் கட்டியை எறிகணை பிளந்து, உச்சியில் தாமரை விரிந்து நிற்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் தண்ணீருக்கு நடுவில் துவக்கும் கொடியுமாகச் சிப்பாய் நிற்கிறான். அவை வென்றவன் கட்டியவை. அண்ணாந்து பார்க்க வைக்கத்தான் அந்த உயரம். எங்கட அம்மாக்கள் குனிந்துதான் விளக்கு வைக்கிறார்கள்.

சரி, கோபுரமே கட்டுகிறீர்கள் என்று வைப்போம். கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலந்தால் கம்பி கறள் பிடிக்கும். கறள் ஊதி உள்ளிருந்தே கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். கம்பிக்கு வெளியே 2 அங்குலமாவது மூடாவிட்டால் இன்னும் கெதியாக. கறுப்பு ரைல்ஸ் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். இடைவெளி விடாமல் ஒட்டினால் கழன்று நிற்கும், மாரித் தண்ணீர் பின்னால் இறங்கும். மாவீரர் நாளான கார்த்திகை 27 (நவம்பர் 27) மாரி நடுவில்தான் வருகுது. பைபர் சிலை கொஞ்ச வருசத்தில் வெளிறி நார் தெரியும்.

“கல்லைப் பரவினால் திரும்ப வந்து உடைப்பாங்கள்” என்றும் சொல்வீர்கள். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் இருக்கு. ஆனால் யாழ். பல்கலைக்கழகத்தில் 2009இல் முள்ளிவாய்க்காலில் செத்த சனத்துக்காகக் கட்டி எழுப்பி நின்ற நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவோடிரவாக இடித்தார்களே, உயரம் காப்பாற்றியதா? படமும் இலக்கமும் நாலு பேரிடம் இருந்தால் பெயர்களாவது மிஞ்சும்.

“வெளிநாட்டுக் காசைத் தடுக்கிறாய்” என்பவர்களுக்கு: தடுக்கவில்லை. அந்தக் காசு எழுத்தில்லாத இடத்தில் பெயர் தேடப் போகட்டும். வரைபடத்தில் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயருக்கு 4 அடிப் பலகை வாசலிலேயே போட்டிருக்கு. பிள்ளைகளின் பெயருக்கு ஒரு அங்குலம்கூட இல்லை. தன் பிள்ளையின் கல் எதென்று தெரியாமல், கிடைத்த ஏதோ ஒரு துண்டுக்கு முன்னால் இருந்து அழுகிற தாயை நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிறீர்கள். அவவுக்கு அந்தப் பலகையை என்னென்று காட்டப் போகிறீர்கள்?

மழை இறங்க முன்னம் குவியலுக்கு மேல் ஒரு தறப்பாள் கட்டுங்கோ. எண்ணி முடியும் வரைக்கும் மிக்சர் மெசினை வளவுக்குள் விடாதேங்கோ.