டிவி டொங்கிளில் புளூடூத் கேட்காது
கட்டுரையில், கணினியில் செருகி ரேடியோ அலைகளைப் பிடிக்கும் மலிவான டிவி டொங்கிள் (ஆர்டிஎல்) ஒன்று இருந்தாலே பக்கத்து வீட்டுப் புளூடூத்தைப் பிடித்துவிடலாம் என்று எழுதியிருப்பது பிழை, ஆர்டிஎல் டொங்கிள் ஏறத்தாழ 1.7 கிகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும், புளூடூத் இருப்பதோ 2.4இல். மேலே கருத்தில் ஒருவர், அப்ப 2.4ஐயும் எட்டும் ஹக்ஆர்எஃப் என்ற ரேடியோக் கருவி வாங்கினால் சரி என்கிறார், அதுவும் அரைக்கிணறுதான்: ஒரே நேரத்தில் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம்தான் பார்க்கும், கிளாசிக் (பழைய வகை) புளூடூத் ஒரு மெகாஹேர்ட்ஸ் அகலமான 79 சேனல்களில் விநாடிக்கு 1600 தரம் தாவுகிறது, முக்கால்வாசி கைக்கு வராது. பிஎல்இ (குறைந்த மின்சக்திப் புளூடூத்) சாதனங்கள் தம்மை அறிவிக்க அனுப்பும் விளம்பரப் பொதிகள் வேறு கதை, 37, 38, 39 என்று மூன்றே சேனல். கொக்குவிலில் வீட்டு மொட்டைமாடியில் இரவல் ஹக்ஆர்எஃப்பை 37ஆம் சேனலின் 2402 மெகாஹேர்ட்ஸில் வைத்து இரண்டு இரவு மினக்கெட்டேன். பொதியின் தொடக்க அடையாளமான அக்சஸ் அட்ரஸ் அழகாகப் பிடிபடுகிறது, அதற்குப் பின்னால் எல்லாம் குப்பை, பிழை சோதிக்கும் சிஆர்சி எண் ஒன்றும் பொருந்தவில்லை. அன்ரனாவைத் திட்டித் தீர்த்த பிறகு பார்த்தால், வைட்னிங்கை (சேனல் எண்ணை வைத்து பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் முறை) கழற்ற 37 கொடுக்கவேண்டிய இடத்தில், 2402 முதல் அலைவரிசைதானே என்று நான் 0 கொடுத்திருக்கிறேன்! மாற்றியதும் முதலில் வந்தது தம்பியின் கைக்கடிகாரத்தின் பெயர். அவ்வளவுதான், இணைப்பில் மறையாக்கம் தொடங்கிவிட்டால் சாவி இல்லாமல் உள்ளே ஒன்றும் வாசிக்க முடியாது. விளம்பரப் பொதி மட்டும் போதுமென்றால் என்ஆர்எஃப்52840 என்ற புளூடூத் டொங்கிள் வாங்குங்கள், விலையும் குறைவு, ஸ்னிஃபர் மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால் பொதிகளைப் பார்க்கும் வயர்ஷார்க் செயலியில் நேரே காட்டும்.