நிலம் ஈரம் பிடிப்பது வேறு, மரம் தண்ணீர் குடிப்பது வேறு

கோடை வந்தால் போதும், "நிலத்தடி நீரை உயர்த்தும் பத்து மரங்கள்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே, சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்ற புளுகும் வரும். எந்த மரமும் இலைத்துளை வழியாக ஈரத்தைக் காற்றில் விடத்தான் செய்கிறது. சீமைக் கருவேலத்தின் மேல் வைக்க வேண்டிய புகார் வேறு: அது ஆழ வேர் விட்டுக் கீழ்மண்ணின் ஈரத்தைக் குடிக்கிறது.

மரத்தடியில் வரவு, செலவு என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. சருகு மக்கிய மண், மண்புழு வளை, செத்த வேர் விட்டுப்போன துளை இதெல்லாம் வரவு. இலை வழியாகப் போவதும், சிறு தூறலைக் கிளையே பிடித்து ஆவியாக்கிவிடுவதும் செலவு. பட்டியல் போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறார்கள்.

வேம்பு, புங்கன் சருகு சீக்கிரம் மக்கும். சவுக்கு ஊசி மெத்தை மாதிரி படியுமே தவிர லேசில் மக்காது. தைலமரச் சருகில் எண்ணெயும் மெழுகும் உண்டு. அவை மண் துகள்மேல் பூச்சாகப் படிந்தால், காய்ந்த மண்ணில் முதல் மழை உருண்டு ஓடிவிடும். சோதிப்பது சுலபம். சருகை ஒதுக்கிவிட்டு, காய்ந்த மண்மேல் பத்து இடத்தில் ஒவ்வொரு சொட்டு நீர் விடுங்கள். 5 நொடிக்குள் இறங்கினால் குறையில்லை. ஒரு நிமிடம் தாண்டியும் முத்தாக நின்றால் மண் நீரைத் தள்ளுகிறது. ஈரமண்ணில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

அடுத்தது, நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. அதற்கு 6 அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு போதும். 5 செ.மீ. மண்ணில் இறக்கி, உள்விளிம்பு மண்ணை விரலால் அழுத்திவிட்டு 450 மி.லி. ஊற்றினால் அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்றல் மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவது ஊற்றல் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். விளிம்பில் இடுக்கு இருந்தால் தண்ணீர் அதன் வழியே நழுவி, மண் பிரமாதம் என்று நம்பவைத்துவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஈரம் அளப்பதில்தான். நிழலில் மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்து "குளுகுளு என்று இருக்கிறது" என்பார்கள். 15, 30, 60 செ.மீ. ஆழங்களில், தண்டிலிருந்து 1 மீட்டரிலும் கிளைவிளிம்பிலும் வெட்டவெளியிலும் மண் எடுங்கள். மழை விட்ட 3ஆம் நாளும் 20ஆம் நாளும் எடுத்தால்தான் கதை புரியும். 100 கிராம் மண் காய்ந்து 88 கிராம் ஆனால் ஈரம் 12 சதவீதம் அல்ல. 12ஐ 88ஆல் வகுத்து 13.6. வகுப்பது காய்ந்த எடையால்தான்.

மேலே ஈரம், கீழே வறட்சி என்று வந்தால் ஆழவேர் மரம் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் சீமைக் கருவேலப் பேரினத்து வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நீலகிரியில், கிளென்மார்கன் புல்வெளியில் கற்பூரமரம் (தைலமர வகை) வைத்துப் பார்த்த ஆய்வில், முதல் பத்தாண்டில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது.

பனைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்க் கற்றை கரையைக் கெட்டியாகப் பிடிக்கும். அதற்காகப் பனை நட்டால் கிணறு ஊறும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அடர்த்தியும் இனத்துக்கு நிகரான விஷயம். புர்கினா ஃபாசோ மர வயல்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மரமே இல்லாத நிலத்தையும் நெருங்கிய தோப்பையும்விட, நடுத்தர அடர்த்தியில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் இறங்கியது. மானாவாரி வயலில் வேம்பையோ புங்கனையோ 3 மீட்டரில் நெருக்கி நடுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். 8 முதல் 10 மீட்டர் விடுங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். பரப்பினால் ஓர் உள்ளங்கை அகல உயரம் போதும், தண்டைத் தொடாமல் ஓர் அடி தள்ளி.

சீமைக் கருவேலத்தை அறுத்துவிட்டுப் போனால் தூரிலிருந்து மறுபடி கிளைக்கும். தரைக்குக் கீழே ஓர் அடியாவது தோண்டித் தூரோடு எடுக்கவேண்டும். எடுத்த நிலத்தை வெயிலில் வெறுமனே போட்டால் மண்ணின் மக்குச் சத்தும் போய்விடும். ஆடியில் பிடுங்கினால் புரட்டாசிக்குள் குழி வெட்டிக் கன்றும், இடையில் பசுந்தாள் உரச்செடியான கொழிஞ்சி விதையும் போட்டுவிடுங்கள். அடுத்து ஐப்பசி மழை வந்துவிடும்.