நூலகத்தில் பேசக்கூடாதாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளை நூலக மாடியில் கூடிப் பேசிய எங்களை, மேலிடத்து போன் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வாசகர் வட்டத்து நண்பர் அதைப் படத்தோடு போட்டுவிட்டார், மறுபடி முழுக் கதையும் சொல்லப்போவதில்லை. மழைநீர் வடிகாலைப் பற்றி முப்பது பேர் உட்கார்ந்து பேசினால் அது 'அரசியல் கூட்டமாம்'. போன மாதம் அதே மாடியில், அதே நாற்காலிகளில், இல்லறம் சிறக்கக் காரணம் கணவனா மனைவியா என்று பட்டிமன்றம் நடந்ததே, மைக் செட்டோடு! அதற்கு அனுமதி உண்டு. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதைப் பேசத்தான் இல்லை.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, மறந்துவிட்டதா? 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி அது, இன்றைக்கு சொத்து வரியில் 10 சதவீதம். நம் காசில் நடக்கும் இடத்தில் நம் தெருவைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் எங்கே போய்ப் பேசுவது? "அதற்குத்தான் வார்டு மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபை இருக்கிறதே" என்கிறார்கள். எங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டீக்கடையில் பேசலாம், வாட்ஸ்அப்பில் பேசலாம், சரி. ஆனால் முந்தைய கூட்டத்தில் ஒரு பெரியவர், இந்தப் பக்கம் ஏரியே இருந்ததில்லை என்று அடித்துப் பேசினார். நூலகர் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் பழைய மாவட்ட விவரச்சுவடியை, அதாவது ஊர், ஏரி விவரமெல்லாம் உள்ள அரசு கெசட்டியரை, எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, நான் சொன்னது தப்பு" என்றார். எந்த வாட்ஸ்அப் குழுவிலாவது இந்த வாக்கியத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஊர்ப் படிப்பகத்தில் ஒரே தினத்தந்தியைப் பிரித்து ஆளுக்கொரு தாள் வைத்திருப்பார்கள், யாராவது சத்தமாகப் படிப்பார்கள், அப்பா நடுவில் புகுந்து, "இரு இரு, எந்த வாய்க்கால்னு போட்டிருக்கு?" என்பார். அங்கே யாராவது 'அமைதி காக்கவும்' என்று போர்டு மாட்டியிருந்தால் அப்பா வாசலோடு திரும்பியிருப்பார்.

குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். கீழே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் மறந்து படிக்கிறார்கள், அவர்களுக்கு அமைதி வேண்டும். அதனால்தான் மாடியில், மாதத்துக்கு ஒரு மணி நேரம், மைக் இல்லாமல் கேட்டோம். நூலகர் அம்மா மேலும் கோபமில்லை, மேலிடத்து போன் வந்தால் அவர் என்ன செய்வார்?

ஆனால் "கவுன்சிலர் சீட்டுக்கு அடிபோடுகிறார்" என்று என்னைப் பற்றி எழுதியவருக்குப் பதில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளத்தில் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கி மாடியேற்றிய நாலு பேரில் நானும் ஒருவன், எந்த சீட்டுக்காக? போகட்டும். 2011-ல் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குகிறோம் என்று அரசு சொன்னபோது எல்லோரும்தானே கொதித்தோம், நீதிமன்றம் வரை போனதே. கட்டடத்தைத் தொட்டால் கோபம் வருகிறது, உள்ளே இருக்கிறவன் வாயைப் பொத்தினால் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நூலக வாசல் வேப்பமரத்தடியில் உட்காருகிறோம். விவரச்சுவடியை மட்டும் வெளியே கொண்டுவர முடியாது, குறிப்புதவி நூலாம், தரமாட்டார்கள். சந்தேகம் வந்தால் யாராவது ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.