நாகேஷை காமெடியன் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

நாகேஷ் பற்றிப் பேச்சு வந்தாலே தருமி, வைத்தி, செல்லப்பா என்று அவர் நடித்த மூன்று பாத்திரங்களின் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறோம். எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்துகிறது.

தாராபுரத்துக்காரர், இயற்பெயர் குண்டுராவ். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, ஒல்லி உடம்பு, ரயில்வேயில் குமாஸ்தா வேலை. எம்.ஜி.ஆர், சிவாஜி, ஜெமினி மூவரும் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த முகத்தோடு கேமரா முன்னால் வந்து நிற்கவே தனி தைரியம் வேண்டும். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்கிற காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பேய் கிடையாது, இருட்டு கிடையாது, வெறும் குரலும் கையும் காலும்தான். எதிரே உட்கார்ந்திருக்கிற பாலையா நடுங்குகிறார் (அந்த மனுஷனின் முகத்துக்குத் தனிப் பதிவே போடலாம்), நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அதே வருஷம் 'சர்வர் சுந்தரம்' வந்தது, அதில் அவர்தான் கதாநாயகன், அழவும் வைத்தார்.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி காசுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையையே பேரம் பேசுகிற ஆள். 'எதிர்நீச்சல்' மாது, ஊரார் ஏவுகிற வேலையெல்லாம் செய்துகொண்டு மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கிடக்கிற அநாதைப் பையன். இரண்டும் ஒரே உடம்பு. முதுகு வளைவதுகூட வேறு வேறு. வைத்தி குனிந்தால் அடுத்து யாரைக் கவிழ்க்கப் போகிறானோ என்று தோன்றும், மாது குனிந்தால் போய்த் தூக்கி நிறுத்தலாம் போல இருக்கும்.

அப்புறம் 1994. 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, கண் அசைவு இல்லை, தூக்கிக்கொண்டு போகிறபோது தொங்குகிற தலையையும் கையையும் வைத்தே தியேட்டரைச் சிரிக்க வைத்தார். அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. அந்தப் படத்துக்குத்தான் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, அறுபது வயதைத் தாண்டிய பிறகு. பத்ம விருது 2009 ஜனவரி 31-ல் அவர் போகும்வரை வரவேயில்லை.

காமெடி என்று ஒரு பெட்டியில் போட்டு வைத்துவிட்டதால்தான் இப்படி ஆனது என்று உறுதியாக நம்புகிறேன். சிரிக்க வைக்கிறவனுக்கு நடிப்பு தானாக வந்துவிடும், அழ வைக்கிறவன்தான் உழைக்கிறான் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அந்தப் பிணத்தை இன்னொரு தடவை பாருங்கள். மூச்சு எங்கே விடுகிறார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.