தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைங்கய்யா

வண்டில ஒரு பிரச்சனைன்னு வாய தொறந்தா போதும், அக்கம்பக்கத்துல நிக்குற அத்தனை பேரும் மெக்கானிக் ஆயிடுறானுங்க. கேள்விய முழுசா காதுல வாங்கறது கூட கிடையாது. நேத்து காலைல எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நடந்தத நெனச்சா இப்ப வரைக்கும் வயிறு எரியுது.

மேல் வீட்டு அக்கா, தினமும் மடிப்பாக்கத்துலேருந்து பெருங்குடிக்கு வேலைக்கு போறவங்க, வண்டி எடுக்க வந்தாங்க. ராத்திரி பூரா மழை. ஸ்கூட்டர் எடுக்கல. அவங்க கேட்டத அப்படியே சொல்றேன்: "செல்ஃப் அமுக்கினா டிக்கு டிக்குன்னு சத்தம் மட்டும் வருது, மீட்டர் லைட்டும் மங்குது, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, என்னவா இருக்கும்?" இத விட தெளிவா ஒருத்தங்க எப்படிய்யா கேப்பாங்க? பாதி பதில் அந்த கேள்விலயே கெடக்கு. டிக்கு டிக்குன்னு அடிக்கறது ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட விடுற சுவிட்ச், மோட்டார சுத்த வைக்கிற அளவுக்கு கரண்ட் வரல, ஒண்ணு பேட்டரி எறங்கிருக்கணும் இல்ல பேட்டரில ஒயர் மாட்டுற டெர்மினல் லூசா இருக்கணும். முதல்ல அங்க போய் பாக்கணும், அவ்ளோதான் விஷயம்.

ஆனா செகண்ட் ஃப்ளோர் அங்கிள் என்ன சொல்றாரு தெரியுமா, "கார்புரேட்டர்ல அடைப்பும்மா". அது 2021 மாடல், எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல அடிக்கற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பக்கவாட்டுல ஸ்டிக்கரே ஒட்டிருக்கு. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பிஎஸ் 6ன்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்ததுக்கு அப்புறம் ஸ்கூட்டர்ல கார்புரேட்டர்லாம் அநேகமா போயே போச்சு. அக்காவும் பொறுமையா "இது எஃப்ஐ அங்கிள்"னு சொன்னாங்க. "எல்லா வண்டிலயும் இருக்கும்மா, உனக்கு தெரியாது"ங்கறாரு! வண்டி ஓட்டுறது அவங்க, சர்வீஸ் விடுறது அவங்க, பில்லு கட்டுறது அவங்க, ஆனா அவங்களுக்கு தெரியாதாம், பொம்பளைங்கறதால தானே அந்த பேச்சு, வேற எதுக்கு?

அடுத்து ஒருத்தர் "பிளக்கு போயிருக்கும்"னாரு. யோவ், பிளக்கு போனா செல்ஃப் சுத்தும், இன்ஜின் தான் பத்தாது. இங்க செல்ஃபே சுத்தல, அத தானே அவங்க முதல் வரில சொன்னாங்க, எங்க இருந்தது உங்க காது? இன்னொருத்தர், "இந்த கம்பெனி வண்டி ஏன் வாங்குனீங்க, எலெக்ட்ரிக் எடுத்திருக்கலாமே". ஆபீசுக்கு லேட்டாவுதுன்னு வாட்ச்ச பாத்துட்டு நிக்குறவங்ககிட்ட பேசுற பேச்சா இது? நான் நடுவுல வாய தொறக்க பாத்தேன், எவனும் விடல.

இதுக்கெல்லாம் மேல ஒருத்தன் வந்தான் பாருங்க. கேக்காம கொள்ளாம சாவிய வாங்கி செல்ஃப அமுக்கினான், அமுக்கினான், அமுக்கிட்டே இருந்தான், விடவே இல்ல. செல்ஃப ரெண்டு மூணு செகண்ட் அமுக்கணும், எடுக்கலன்னா கொஞ்சம் ஆற விடணும், இது ஓட்டத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். டிக்கு டிக்குன்னு அடிச்சிட்டிருந்தது டிக்… டிக்… ஆயி, கடைசில சத்தமே நின்னு போச்சு, மீட்டரும் அணைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் கிக்கர உதைக்கிறான். எஃப்ஐ வண்டில ஃப்யூயல் பம்ப் ஓடறதுக்கே கரண்ட் வேணும், இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜையும் நீயே காலி பண்ணிட்டு உதைச்சா எங்கேருந்துடா எடுக்கும்? வேர்த்து ஊத்துனதும் "மெக்கானிக்க கூப்டுங்க"ன்னு சாவிய கைல குடுத்துட்டு போயிட்டான். மத்தவங்களும் கலைஞ்சு போயிட்டாங்க.

அப்புறம் பேட்டரி மூடிய கழட்டி பாத்தா மைனஸ் டெர்மினல் பூரா வெள்ளையா பூத்து கெடக்கு, போல்ட்டு கையாலயே திரும்புது. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, போல்ட்ட டைட் பண்ணி, என் பைக்லேருந்து ஜம்ப்பர் ஒயர் குடுத்ததும் முதல் அமுக்குலயே எடுத்துச்சு. அஞ்சு பைசா செலவு கிடையாது. அக்கா மெக்கானிக்குக்கு போன் போட இருந்தாங்க, கார்புரேட்டர் அங்கிள் பேச்ச கேட்டிருந்தா எத எதையோ கழட்டி போட்டிருப்பாங்க.

பதில் சொல்றதுன்னா முதல்ல திருப்பி கேளுங்கய்யா. என்ன மாடல், செல்ஃப் சுத்துதா சுத்தலையா, கடைசியா என்ன வேலை பாத்தீங்க, மழைல நின்னுச்சா. அப்புறம் காசு செலவில்லாதத முதல்ல பாக்க சொல்லுங்க: கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, ஃபியூஸ், டெர்மினல். அதுக்கு மேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு நகருங்க. அதுல என்ன கௌரவம் கொறைஞ்சு போவுது?

ஸ்டார்ட் ஆகலன்னா கூட பஸ்ல போயிடலாம். பிரேக் விஷயத்துல வாய்க்கு வந்தத சொல்றானுங்களே, அது கொலை. கீழ் வீட்டு பையன் டிஸ்க் பிரேக் கீச்சுனு கத்துதுன்னு கேட்டதுக்கு, துரு எடுக்கற ஆயில் ஸ்ப்ரேவ டிஸ்க்ல அடி, சத்தம் நின்னுடும்னு ஒரு வளந்த மனுஷன் சொல்றான். சத்தம் நிக்கும், வண்டி நிக்காது! ஆயில் பேடுல எறங்கிடுச்சுன்னா பேடையே தூக்கி போட வேண்டியதுதான். அந்த பையன் ஓ.எம்.ஆர்.ல காலேஜுக்கு போயிட்டு வர்றான், முன்னாடி போற மாநகர பஸ்ஸு திடீர்னு நின்னா யாரு வந்து காப்பாத்துவா, சொன்னவனா? இன்னொருத்தன் கார்ல ஊத்தி மிச்சமான ஆயில பைக்குக்கு ஊத்த சொல்றான். பைக்ல கிளட்ச் அதே ஆயில்ல தான் ஊறி கெடக்கு, அதனால தான் டப்பால ஜாசோ எம்ஏன்னு, அதாவது இந்த மாதிரி கிளட்சுக்கு ஒத்து வர்ற ஆயில்ங்கற தர முத்திரை, போட்டிருக்கான்னு பாத்து வாங்க சொல்றோம், கார் ஆயில் ஊத்தி கிளட்ச் வழுக்குச்சுன்னா அந்த பிளேட் செலவு ஊத்த சொன்னவனா குடுப்பான்?

இவ்ளோ பேரு பார்க்கிங்ல நின்னு பேசுனீங்களே, ராத்திரி பெஞ்ச மழைத் தண்ணி கணுக்கால் அளவு அங்கயே நின்னுச்சே, அத வெளிய எடுக்கற தண்ணி மோட்டார போடணும்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா? மாசா மாசம் மெயின்டனன்ஸ்னு கறாரா வாங்க தெரியுது, மோட்டார் ரூம் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டா மட்டும் அத்தனை பேரும் வாய மூடிக்கிறீங்க.