எப்பவும் பானெட் நடுவுலதான் விழணுமா?

நாலு நாள் உழைப்பை ஒரு தூசி கெடுத்துடுது. 1:24 பிளாஸ்டிக் மாடல் கார் (நிஜக் காரைவிட 24 மடங்கு சின்னது) பாடியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சோப்புத் தண்ணியில கழுவி (அச்சுல ஒட்டின எண்ணெய்ப் பசை போகணுமே), பிரைமர் அடிச்சு, மெல்லிசா மூணு கோட் சிவப்பு. அதுவரைக்கும் அருமையா வந்துச்சு. கடைசியா கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கிறேன், பானெட் நடுவுல 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு நூலிழை! நிஜக் கார்னா அது 12 சென்டிமீட்டர். அப்புறம் கண்ணு வேற எங்க போகும்?

ஈரத்துல கை வெச்சா பள்ளம் விழுந்துடும். முழுசா காயவிட்டு, 2000 நம்பர் தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சு, பாலிஷ் போடணும். அதுலயும் கதவு விளிம்பு, பானெட் முனை மாதிரி மேடான இடத்துல பெயின்ட் மெல்லிசாத்தான் நிக்கும். ரெண்டு தேய்ப்பு கூடினா பிரைமர் பல்லிளிக்கும். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பி.

நான் என்னதான் செய்யல? ஃபேனை நிறுத்தினேன். தரையில தண்ணி தெளிச்சேன். அடிச்ச கையோட டப்பா போட்டு மூடினேன். காய்ஞ்ச துணியால துடைச்சா பிளாஸ்டிக்ல நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும்னு அதையும் விட்டுட்டேன். இத்தனைக்கும் மேல எங்கிருந்து வருது? அடிப்பக்கம் விழுந்தா யாரு கேட்கப் போறா? விழாது. பானெட், இல்லேன்னா கூரை. அழுகையா வருது.