டிக்கெட் ஏறுகிறது, மேடை காலியாகிறது

தீம் பார்க் டிக்கெட் விலை ஏறுவதைப் பற்றி யாராவது புலம்பினால் நான் பெரும்பாலும் கூடச் சேர்ந்து புலம்புவதில்லை. கூட்டம் குறையவில்லை, விலை ஏறுகிறது, அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வருவது அதற்குப் பின்னால் வரும் சமாதானத்தைக் கேட்கும்போது. "செலவு ஏறிப்போச்சு, டிக்கெட்டை ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை, அதனால் பாடகர்களையும் நடிகர்களையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். இதில் என்ன தப்பு?" இதை டிஸ்னி நிறுவனம் சொல்வதைவிட அதன் ரசிகர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். ஃபீஸ் வாங்காமல் வாதாட இத்தனை வக்கீல்கள் வேறு எந்த வியாபாரத்துக்கும் கிடைக்க மாட்டார்கள்.

முதலில் கணக்கு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2001-ல் ஒரு நாள் டிக்கெட் 43 டாலர். விலைவாசி ஏற்றத்தை மட்டும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு அது 80 டாலருக்குள் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் விலையேற்றத்துக்குப் பிறகு அங்கே ஆகக் குறைந்த டிக்கெட்டே 104 டாலர். கூட்டம் அதிகமுள்ள நாளில் 224 டாலர். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2016-ல் உச்ச விலை 124 டாலராக இருந்தது. 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் 199. இது வாசலைத் தாண்டுவதற்கு மட்டும். உள்ளே வரிசையைத் தாண்ட வேண்டுமானால் தனிக் காசு. 1999-லிருந்து ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகக் கிடைத்தது 2021 அக்டோபரில் காசு கொடுத்து வாங்கும் ஜீனி பிளஸ் ஆனது, அப்புறம் லைட்னிங் லேன் ஆனது. 2024-ல் பிரீமியர் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரிடாவில் வந்த புதிதில் அதன் உச்ச விலை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 449 டாலர், டிக்கெட் போக. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, இவ்வளவு வாங்கியும் கட்டுப்படியாகவில்லையா? பூங்கா, கப்பல், பொம்மை வியாபாரம் எல்லாம் சேர்ந்த டிஸ்னியின் பிரிவு 2024 நிதியாண்டில் சுமார் 3,400 கோடி டாலர் வருவாய் பார்த்தது. செயல்பாட்டு லாபம் மட்டும் 900 கோடி டாலருக்கு மேல். பத்து வருடத்தில் 6,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக 2023-ல் அறிவித்ததும் இதே பிரிவுக்காகத்தான். ஆக, காசு இல்லாமல் பாட்டுக்குழுவை நிறுத்தினார்கள் என்று சொல்வதற்கு இடமே இல்லை.

நிறுத்தியதன் பட்டியல் நீளமானது. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் இன்னொரு பூங்கா எப்காட்; அங்கே நாட்டுக்கு ஒரு அரங்கு. அதில் கனடா அரங்குக்கு முன்னால் ஆஃப் கில்டர் என்று ஒரு ராக் இசைக்குழு 1997-லிருந்து வாசித்துக்கொண்டிருந்தது. கில்ட் பாவாடை, பேக்பைப், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் கலந்த ஒரு கலவை. 2014-ல் அவர்களை அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு மரம் வெட்டும் வித்தை ஒன்று வந்தது, அதுவும் நீடிக்கவில்லை. மொராக்கோ அரங்கில் வாசித்த குழுவும் அதே வருடம் போனது. 2015 பிப்ரவரியில் மேஜிக் கிங்டம் டிக்கெட் முதல் தடவையாக 100 டாலரைத் தாண்டியது. நடுவில் சில மாதங்கள்தான்.

2014-ல் போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் வேர்ல்ட் ஷோகேஸ் பிளேயர்ஸ். பிரிட்டிஷ் அரங்குக்கு முன்னால் நடுத்தெருவில் நாடகம் போடுவார்கள். மேடை கிடையாது, திரை கிடையாது, பெட்டியில் நாலைந்து தொப்பியும் ஒரு அட்டைக் கத்தியும். ஆர்தர் ராஜா கதைக்கு ராஜா வேண்டுமே? கூட்டத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, முதுகுப்பையோடு, எப்போது கிளம்பலாம் என்று நிற்கிற ஒரு அப்பாவைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். மனுஷன் முதலில் கூச்சப்படுவார், கையை உதறுவார், மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அந்த அம்மாள் அதற்குள் கேமராவை எடுத்திருப்பார். இரண்டு நிமிடத்தில் அவர் தலையில் தொப்பி, வாயில் வசனம். வசனத்தைத் தப்பாகச் சொன்னால் அதை வைத்தே அடுத்த நகைச்சுவையைக் கட்டுவான் அந்த நடிகன். அந்தக் குடும்பம் அந்த விடுமுறையில் ஏறி இறங்கிய ரைடுகளின் பெயரை மறந்துபோகலாம். அப்பா ராஜாவாக நின்றதை மறக்காது. இதற்குப் பூங்காவுக்கு ஆன செலவு சில நடிகர்களின் சம்பளமும் அந்தப் பெட்டியும்.

2016-ல் ஷாங்காய் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். கிட்டத்தட்ட 550 கோடி டாலர் செலவு. அதே வருடம் ஃபுளோரிடாவில் பொழுதுபோக்குப் பிரிவில் கத்தரிக்கோல் நன்றாகவே வேலை செய்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் அப்போதே உண்டு. முடிச்சு உண்மையோ இல்லையோ, மேஜிக் கிங்டத்தில் அந்த அக்டோபரில் மெயின் ஸ்ட்ரீட் எலெக்ட்ரிக்கல் பேரேட் என்ற விளக்கு ஊர்வலம் நின்றது. அதற்குப் பிறகு அங்கே வழக்கமான இரவு பேரேட் என்று ஒன்று ஓடியது 2025 ஜூலையில், ஸ்டார்லைட் என்ற புது பேரேட் வந்தபோதுதான். கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ராத்திரியில் சும்மா கிடந்த தெரு. நான் மேலே சொன்ன 124 டாலர் 199 டாலர் ஆனது இந்த ஒன்பது வருடத்தில்தான்.

கோவிட் வந்தபோது சாக்கு நல்லதாகக் கிடைத்தது. 2020 செப்டம்பரில் 28,000 பேருக்கு வேலை போகிறது என்றார்கள். ஃபுளோரிடாவில் இந்தப் பூங்காக்கள் எல்லாம் அடங்கிய வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அமெரிக்க மேடை நடிகர் சங்கத்தைச் சேர்ந்த கலைஞர்கள் சுமார் 780 பேரில் 720 பேரை அனுப்பினார்கள். பூங்கா மூடிக்கிடந்த காலத்தை நான் குற்றம் சொல்லவில்லை. மூடிய கடையில் யாருக்குச் சம்பளம் கொடுப்பது. ஆனால் கூட்டம் திரும்பிய வேகத்தில் கலைஞர்கள் திரும்பவில்லை. அங்கேயே உள்ள ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவின் தெருவில் போலி டைரக்டராகவும் போலி நட்சத்திரமாகவும் திரிந்து, வருகிறவர்களை வம்புக்கு இழுத்தவர்கள் கூட்டத்தோடு திரும்பவில்லை. நாற்பது நிமிடம் ஓடிய ஃபைண்டிங் நீமோ இசை நாடகம் 2022-ல் திரும்பி வந்தபோது சுமார் 25 நிமிடம் ஆகியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. லயன் கிங் திருவிழா நிகழ்ச்சி மட்டும் விதிவிலக்கு: முதலில் குரங்கு வேஷத்துக் கழைக்கூத்தாடிகள் இல்லாமல் திரும்பியது, ஜனங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அடுத்த வருடம் அவர்களும் வந்துவிட்டார்கள்.

இதற்கு மறுபக்கத்திலிருந்து கேட்க வேண்டிய நியாயமான வாதம் ஒன்று உண்டு. 1966-ல் பவுமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நாடகம், இசை போன்ற நிகழ்த்துகலைகளின் செலவை ஆராய்ந்து சொன்னது. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்து பேர் செய்ததை இரண்டு பேர் செய்துவிடலாம். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இருநூறு வருடத்துக்கு முன்னாலும் நான்கு பேர்தான் வாசித்தார்கள், இன்றைக்கும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும். வேகமாக வாசித்து லாபம் பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் சம்பளம் மட்டும் ஊரோடு ஒத்து ஏறியாக வேண்டும். அதனால் நேரடிக் கலை மற்ற எல்லாவற்றையும்விடச் செலவு கூடிக்கொண்டே போகும். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் டிக்கெட் விலை ஏறுவதற்குத்தான் காரணம் ஆகும். "கலைஞர்களுக்குச் சம்பளம் கூடுகிறது, அதனால் விலையை ஏற்றினோம்" என்றால் புரிகிறது. விலையையும் ஏற்றிவிட்டு எந்தச் செலவைக் காரணம் காட்டினார்களோ அந்தச் செலவையே வெட்டினால், அப்புறம் ஏற்றியது எதற்கு?

"ஏற்றிய காசு ரைடுக்குப் போகிறது" என்பார்கள். போகிறதுதான். இங்கேதான் கணக்குப்பிள்ளையின் மூளை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ரைடு என்பது சொத்து. ஒரு முறை கட்டிவிட்டால் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கெழுதலாம். புதிதாகத் திறந்தால் செய்தி, விளம்பரம், வரிசை. அந்த வரிசையைத் தாண்ட லைட்னிங் லேன் விற்கலாம், வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை வைக்கலாம். ஒரு வாத்தியக் குழு அப்படி அல்ல. அது வருடா வருடம் செலவுக் கணக்கில் மட்டுமே நிற்கிறது. தெருவோரம் நின்று பாட்டுக் கேட்கிறவனிடம் வரிசையைத் தாண்டக் காசு கேட்க முடியுமா? வரிசையே இல்லையே. ஒரு காலாண்டில் லாபம் கொஞ்சம் ஆட்டம் கண்டால், கட்டிய ரைடை இடித்து உடனே மிச்சம் பிடிக்க முடியாது. குழுவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

இதன் வேர் டிக்கெட் முறையிலேயே இருக்கிறது. 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு 1 டாலர், உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அப்புறம் கூப்பன் புத்தகம் வந்தது; ஏ, பி, சி என்று ஆரம்பித்து, 1959-லிருந்து இ வரை. 1982-ல் கூப்பனை ஒழித்தார்கள். ஒரே விலை கொடு, உள்ளே எல்லாம் உன்னுடையது. அதன் பிறகு விலை ஏறும்போதெல்லாம் சொல்லப்பட்ட சமாதானம் "எல்லாம் சேர்த்துத்தானே" என்பது. இப்போது கூப்பன் செல்பேசி வழியாகத் திரும்பி வந்துவிட்டது, ஒரே விலையும் போகவில்லை. இந்த ஏற்பாட்டில் எதற்குத் தனி விலை போட முடியுமோ அது வளரும். எது "எல்லாம் சேர்த்து" என்ற பைக்குள் இருக்கிறதோ அது சத்தமில்லாமல் சுருங்கும். பாட்டு, தெரு நாடகம், ஊர்வலம் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. விலையை ஏற்றாமல் பாக்கெட்டில் இரண்டு பிஸ்கட்டைக் குறைக்கிற பிஸ்கட் கம்பெனிகூட இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. இங்கே இரண்டும் நடக்கிறது.

குறைத்தது யாருக்கும் தெரிவதும் இல்லை. ரைடு மூடிக் கிடந்தால் பலகை தொங்கும், செய்தி வரும். மதியம் மூன்று மணிக்கு அந்த மூலையில் நால்வர் பாடுவார்கள் என்பது முதல் தடவை வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? கருத்துக் கணிப்பில் "எதற்காக வந்தீர்கள்" என்று கேட்டால் யாரும் பேக்பைப் குழுவுக்காக வந்தேன் என்று எழுத மாட்டார்கள். ரைடு பெயரைத்தான் எழுதுவார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் குழு போவது நிச்சயம்.

இன்னொரு விஷயம், இதை ஏனோ அதிகம் பேர் பேசுவதில்லை. அரங்கம் என்பது கூட்டத்தை விழுங்கும் இடம். டிஸ்னிலேண்டை ஒட்டிய கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் ஹைப்பீரியன் அரங்கில் சுமார் 2,000 இருக்கை. அங்கே 2003 முதல் 2016 வரை அலாவுதீன் ஓடியது, பிறகு ஃப்ரோஸன். நாளைக்கு நாலு காட்சி நிறைந்தால் எட்டாயிரம் பேர் வெயிலிலிருந்து, வரிசையிலிருந்து விலகி ஏசியில் உட்காருகிறார்கள். 2020 மார்ச்சில் ஃப்ரோஸன் நின்றது, திரும்பவில்லை. 2023 கோடையில் ஒரு புது இசை நாடகம் இரண்டு மாதம் ஓடியதைத் தவிர அந்த மேடை பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. அந்த எட்டாயிரம் பேர் எங்கே போவார்கள்? ரைடு வரிசைக்குத்தான். வரிசை நீளும். வரிசை நீண்டால் வரிசை தாண்டும் பாஸ் நன்றாக விற்கும். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையைக் காலியாக வைத்திருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு இது, டிக்கெட் வாங்கியவரைத் தவிர.

ரைடு இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: பிரான்ஸில் புய் டு ஃபூ என்று ஒரு பூங்கா. ரோலர் கோஸ்டர் ஒன்றுகூட இல்லை. ரோமானியத் தேரோட்டம், வைக்கிங் கப்பல், பருந்துகள், வாள் சண்டை என்று எல்லாமே மனிதர்களும் மிருகங்களும் நடத்துகிற காட்சிகள். வருடத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள், ஸ்பெயினில் கிளையும் திறந்துவிட்டார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 1978-லிருந்து நடக்கும் அதன் புகழ்பெற்ற இரவுக் காட்சி ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தன்னார்வலர்களை நம்பி ஓடுகிறது. அதைச் சம்பளக் கணக்குக்கு உதாரணம் காட்டுவது நியாயமில்லை. பகல் நேரப் பூங்காவை வைத்துத்தான் நான் பேசுகிறேன்.

டோக்கியோவில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். பேரேட் பார்க்க நல்ல இடம் வேண்டுமானால் டிக்கெட் போகத் தனிக் கட்டணம். இதை எதிர்ப்பதா வரவேற்பதா என்று எனக்கே இரண்டு மனசு. இலவசமாகப் பார்த்ததற்குக் காசா என்று கோபம் வருகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவு என்று ஒரு வரி இருந்தால்தான் கலைஞன் பிழைப்பான் என்றால், பின்வரிசையில் நின்று இலவசமாகப் பார்க்கும் வழியை மூடாத வரைக்கும், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

2025-ல் ஹாலிவுட் ஸ்டூடியோஸில் லிட்டில் மெர்மெய்ட், வில்லன்கள் என்று இரண்டு புது மேடை நிகழ்ச்சிகள் வந்திருக்கின்றன, ஸ்டார்லைட் பேரேடும் வந்திருக்கிறது. நல்லது. கலிஃபோர்னியாவில் 2024 மே மாதம் பேரேட் கலைஞர்களும் கதாபாத்திர வேஷம் போடுகிறவர்களும் சுமார் 1,700 பேர் நடிகர் சங்கத்தில் சேர ஓட்டுப்போட்டு ஜெயித்தார்கள். அது அதைவிட நல்லது. இனி சத்தமில்லாமல் வெட்டுவது அத்தனை சுலபமில்லை.

போகப்போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ரைடு பட்டியலோடு அன்றைய நிகழ்ச்சி நேரப் பட்டியலையும் திறந்து பாருங்கள். போன இடத்தில் நால்வர் நின்று பாடினால் நின்று கேளுங்கள். டிஸ்னி செயலியில் ஊழியரைப் பாராட்டி எழுத ஒரு வசதி இருக்கிறது, வந்தபிறகு மின்னஞ்சலில் கருத்துக் கணிப்பும் வரலாம். அதில் ரைடு பெயரை எழுதுகிற இடத்தில் அந்தப் பாட்டுக் குழுவின் பெயரை எழுதுங்கள்.